ப்ராஜெக்ட்டை காசு குடுத்து வாங்காதீங்க தம்பிங்களா

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர் ஓ.டி.ல, அதாவது முதுநகர்ல, 28 வருஷமா மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். ஐ.டி.ஐ.ல எலெக்ட்ரீசியன் ட்ரேட் முடிச்சுட்டு நெய்வேலில ஒரு வருஷம் அப்ரண்டிஸ் இருந்துட்டு வந்து போட்ட கடை. கவுன்சிலிங் ஆரம்பிச்சதுலேர்ந்து உங்க பேப்பர்ல எந்த குரூப் எடுக்கலாம், எல்லாரும் ஏன் கம்ப்யூட்டருக்கே ஓடுறாங்கன்னு தொடர்ந்து எழுதிட்டு வர்றீங்க, நானும் ஒண்ணு விடாம படிக்கிறேன், ஏன்னா கடைக்கு மோட்டார் தூக்கிட்டு வர்ற விவசாயிங்க, மில்லுக்காரங்கன்னு பாதி பேரு "அண்ணே, பையனுக்கு ட்ரிபிள் ஈ கெடைக்குதாம், சேக்கலாமா"ன்னு என்கிட்டதான் கேக்குறாங்க. என் மவளே ட்ரிபிள் ஈ, அதாவது எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்தான், இப்ப பைனல் இயர் போகப் போவுது. அதனால சேக்கலாமா வேணாமாங்குறதைப் பத்தி எனக்கு ஒரு பதில் இருக்கு, அத கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி உள்ள சேந்த புள்ளைங்க நாலு வருஷம் எப்படி படிக்கிறாங்கன்னு ஒரு கடைக்காரனா நான் பாக்குறதை சொல்லணும், யாரும் எழுதுற மாதிரி தெரியல.

பொங்கல் லீவு முடிஞ்சா போதும், தை மாசி ரெண்டு மாசமும் பைனல் இயர் பசங்க மூணு பேர் நாலு பேரா பைக்ல வந்து கடை வாசல்ல நிப்பாங்க. கடலூர் பசங்க மட்டும் இல்ல, பாண்டிச்சேரிலேர்ந்தும் வருவாங்க, சிதம்பரம் பக்கத்துலேர்ந்தும் வருவாங்க. கையில ஒரு பைல் இருக்கும். "அண்ணா, பைனல் இயர் ப்ராஜெக்ட், ஒரு சின்ன த்ரீ பேஸ் மோட்டார் வேணும், பழசா இருந்தாலும் பரவால்ல, பெயிண்ட் அடிச்சு ஒரு பலகைல மாட்டி ஓடுற மாதிரி செஞ்சு குடுத்துடுங்க, என்ன ஆவுமோ சொல்லுங்க, நாங்க ஷேர் பண்ணி குடுத்துடுறோம்"னு கேப்பாங்க. பைலை வாங்கிப் பாத்தா ரிப்போர்ட் ஏற்கனவே டைப் அடிச்சு ஸ்பைரல் பைண்டிங் போட்டு ரெடியா இருக்கும், ரிசல்ட் வரைக்கும் எழுதியிருக்கும், டேபிள்ல ரீடிங் எல்லாம் இருக்கும், மோட்டார் மட்டும்தான் இல்ல! இன்னும் சில பேரு என்கிட்ட கூட வர்றது கெடையாது, ப்ராஜெக்ட் செஞ்சு குடுக்குற சென்டர்னே அங்கங்க இருக்கு, போர்டு, மோட்டார், ரிப்போர்ட், வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, என்ன கேப்பாங்க அதுக்கு என்ன சொல்லணுங்குறது வரைக்கும் சேத்து ஒரு ரேட்டு, ஒரு குரூப்புக்கு 18 ஆயிரம் கேட்டாங்கன்னு ஒரு தம்பி சொன்னான். அந்த 18 ஆயிரம் யாரு காசு அய்யா, முந்திரி பொறுக்குற அம்மா காசு, படகுக்குப் போற அப்பா காசு.

வர்றவங்கள நான் உக்கார வச்சு ஒரே ஒரு கேள்வி கேப்பேன், பல வருஷமா இதே கேள்விதான். கடையில இருக்குற ஏதாவது ஒரு 5 எச்.பி. மோட்டாரைக் காட்டி நேம் பிளேட்டைப் படிக்கச் சொல்வேன். 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்.பி.எம்.னு படிப்பான். இது எத்தன போல், அதாவது எத்தன காந்த முனை உள்ள மோட்டார் தம்பின்னா நாலு போல்னு சொல்லிடுவான், அது தெரியும். நாலு போலுக்கு என்ன ஸ்பீடு வரணும்னா, 120ஐ 50ஆல பெருக்கி நாலால வகுத்தா 1500ன்னு அதையும் டக்குனு சொல்லிடுவான், பார்முலா மனப்பாடம். சரி 1500 வரணும், பிளேட்ல 1440 போட்டிருக்கே, மீதி 60 எங்க போச்சுன்னு கேட்டா அங்கதான் நிப்பாங்க. ஒருத்தன் கம்பெனிக்காரன் கொறைச்சு போட்டிருப்பான்னான், இன்னொருத்தன் வோல்டேஜ் கம்மியா இருக்கும்னான், பழைய மோட்டாருண்ணா தேஞ்சிருக்கும்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. அதான் தம்பி ஸ்லிப்பு, 1500ல 60ன்னா நாலு பர்சென்ட், எக்ஸாம்ல கணக்கு போட்டிருப்பியேன்னு சொன்னா அப்பதான் மூஞ்சில வெளிச்சம் வரும். ஸ்லிப்புக்கு டெபனிஷன் கேட்டா இங்கிலீஷ்ல கடகடன்னு ஒப்பிக்கிறாங்க, ரெண்டு மார்க் கேள்வியாம் அது, ஆனா அது இந்த தகரத்துல அடிச்சிருக்குற நம்பருக்குள்ள உக்காந்திருக்குன்னு யாரும் காட்டிக் குடுக்கல. ஸ்டேட்டர்ல, அதாவது வெளில அசையாம இருக்குற காயில் பகுதில, சுத்துற காந்தத்தை உள்ள சுத்துற ரோட்டார் தொரத்திட்டே ஓடுது, அதைப் புடிச்சிட்டா ரோட்டாரை வெட்டிட்டுப் போற காந்தமே இருக்காது, கரண்ட் உண்டாகாது, முறுக்கும் வராது, அதனால கொஞ்சம் பின்தங்கிதான் ஓடியாகணும், அந்த பின்தங்கல்தான் அறுபது. இத சொல்றதுக்கு எனக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆவுது. நாலாவது வருஷம் கடைசில ஒரு காயில்காரன்கிட்ட வந்து தெரிஞ்சுக்க வேண்டிய விஷயமா இது?

நானும் தப்பு பண்ணியிருக்கேன், அத மறைக்கிறது நியாயம் இல்ல. கடை போட்ட புதுசுல இந்த ப்ராஜெக்ட் ஆர்டர் எனக்கு வருமானமா இருந்துச்சு, மாசி மாசம் வீட்டு செலவு அதுல ஓடும், நானே சுத்தி நானே கனெக்சன் குடுத்து பெயிண்ட் அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டி குடுத்திருக்கேன். அப்புறம் ஒரு நாள் அப்படி வாங்கிட்டுப் போன ஒரு தம்பி ரெண்டு வருஷம் கழிச்சு சாயந்தரம் கடைக்கு வந்தான், ஒரு கம்பெனில மெயின்டனன்ஸ்ல சேந்து மூணு மாசம் ஆச்சு, ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டார் காயிலை மொதல்ல ஸ்டார்ல, அதாவது மூணு முனையை ஒண்ணா சேத்து கெளப்பி, அப்புறம் டெல்டால, அதாவது முக்கோணமா சேத்து ஓட்டுற பெட்டி) மாத்தும்போது மோட்டார்லேர்ந்து வர்ற ஆறு வயர்ல எத எங்க குடுக்கணும்னு தெரியாம மாத்தி குடுத்து, போட்டதும் பெரிய சத்தத்தோட ட்ரிப் ஆகி, லைன் நின்னு, எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கிட்டு நேரா என்கிட்ட வந்திருக்கான். "அண்ணா நீங்க ப்ராஜெக்ட்ல ஆறு வயர் குடுத்தீங்களே, அத எப்படி குடுத்தீங்கன்னு சொல்லிக் குடுங்க"ன்னு கேட்டான். கண்ணு கலங்கியிருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி கடை சாத்துற வரைக்கும் அவனை உக்கார வச்சு, சீரிஸ் லேம்ப், அதாவது காயில் வழியா கரண்ட் போனா எரியுற பல்பு, போட்டு எந்த ரெண்டு முனை ஒரே காயில்னு கண்டுபுடிக்கிறதுலேர்ந்து ஆரம்பிச்சு சொல்லிக் குடுத்தேன், ரெண்டு மணி நேரத்துல புரிஞ்சுகிட்டான், நல்ல மூளை உள்ள பையன். அவனுக்கு அந்த ரெண்டு மணி நேரம் நாலு வருஷத்துல கெடைக்காமப் போனதுல எனக்கும் பங்கு இருக்குன்னு மனசு அறுத்துச்சு. அதுலேர்ந்து செஞ்சு குடுக்குறதை விட்டுட்டேன். வர்ற பசங்ககிட்ட, மோட்டார் சும்மாவே தர்றேன், வயர் காசு மட்டும் குடுங்க, இங்கயே உக்காந்து நீங்களே சுத்துங்கன்னு சொல்வேன். பத்து குரூப் வந்தா ரெண்டு குரூப் உக்காருவாங்க.

அந்த ரெண்டு குரூப் பண்றதை நீங்க வந்து பாக்கணும் அய்யா. பழைய காயிலை வெட்டி எடுக்குறதுக்கு முன்னாடி எத்தன சுத்து இருக்குன்னு ஒண்ணு ஒண்ணா எண்ணணும், வயர் கேஜ் பாக்கணும், எந்த ஸ்லாட்லேர்ந்து, அதாவது காயில் உக்கார்ற பள்ளத்துலேர்ந்து, எந்த ஸ்லாட்டுக்கு போயிருக்குன்னு நோட்ல படம் போட்டுக்கணும். 36 ஸ்லாட் இருக்குற நாலு போல் மோட்டார்ல ஒரு போலுக்கு ஒம்போது ஸ்லாட், அதுல ஒரு பேஸுக்கு, அதாவது த்ரீ பேஸ் கரண்ட்ல ஒரு லைனுக்கு, மூணு, இது அவங்களுக்கு புக்குல தெரியும். ஆனா அந்த மூணு ஸ்லாட்டுக்குள்ள பேப்பர் மடிச்சு வச்சு, எனாமல் வயரை கீறல் விழாம நாலு நாலா உள்ள தள்ளி, மேல மூங்கில் சிம்பை சொருகும்போதுதான் பேஸ்ங்குறது அவங்களுக்கு எடமாத் தெரிய ஆரம்பிக்குது, இந்த சிவப்பு நூல் கட்டுனது ஒரு பேஸ், மஞ்சள் ஒண்ணு, நீலம் ஒண்ணு, 120 டிகிரின்னு போர்டுல போட்டது இந்த வட்டத்துல எங்க இருக்குன்னு வெரல வச்சுக் காட்டுறாங்க. பாண்டிச்சேரி பக்கத்துலேர்ந்து வந்த ஒரு பொண்ணு, வெரல் நுனியெல்லாம் வார்னிஷ் ஒட்டிகிட்டு, மூணாவது நாள் மோட்டாருக்கு சப்ளை குடுத்து அது சத்தமில்லாம சுத்துனப்ப கீழ உக்காந்துடுச்சு, கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அவங்க அப்பாவுக்கு போன் போட்டு சத்தத்தைக் கேக்க வச்சுது.

இப்ப என் மவ காலேஜ் லேப் பத்தி. காலேஜ் பேரு வேணாம், எந்த காலேஜையும் குத்தம் சொல்லி இத எழுதல, பல எடத்துல இதே கதைதான்னு கடைக்கு வர்ற பசங்க சொல்லி எனக்குத் தெரியும். மெஷின்ஸ் லேப்ல ஒரு பேட்ச்ல எட்டு பேரு, மெஷின் ஒண்ணு. கனெக்சன் குடுக்குறது லேப் அசிஸ்டென்ட், புள்ளைங்க குடுத்தா தப்பா குடுத்து மீட்டர் போயிடும்னு பயம். லோட் டெஸ்ட்னா ப்ரேக் ட்ரம்ல பெல்ட்டை இறுக்கி ஸ்பிரிங் பேலன்ஸ் பாக்கணும், ட்ரம் சூடாவும், அதுல தண்ணி ஊத்திட்டே இருக்கணும், எட்டு பேர்ல ஒருத்தர் இறுக்க, ஒருத்தர் ஊத்த, ஒருத்தர் எழுத, மீதி அஞ்சு பேரு சொவர்ல சாஞ்சு நிக்கிறது. மூணு வருஷத்துல என் மவ ஒரு தடவை கூட மெஷினை தானா ஸ்டார்ட் பண்ணதில்ல. பாதி எக்ஸ்பெரிமென்ட் அன்னைக்கு மெஷின் ரிப்பேர்னு சொல்லி, சீனியர் ரெக்கார்ட் நோட்லேர்ந்து ரீடிங் எழுதி கிராப் போட்டு சைன் வாங்கியாச்சு. ரிப்பேர் ஆன மோட்டார்தான் எலெக்ட்ரிக்கல் படிக்கிற புள்ளைக்கு கெடைக்குற பெரிய பாடம், அதை ஓரமா துணி போட்டு மூடி வச்சிட்டு ஓடாத மோட்டாருக்கு ரீடிங் எழுத வைக்கிறோம். வாத்தியாருங்கள நான் சொல்லல, அவங்களும் பாவம், அவங்களுக்கு இருக்குற பேப்பர் வேலைல லேப்ல நிக்கவே நேரம் இல்லன்னு என் மவ சொல்லுது.

ரிப்பேர் ஆன மோட்டார் என்ன பாடம் சொல்லும்னு ஒரு விஷயம் சொல்றேன். 2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் நம்ம கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரைய ஏறுச்சு, பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட போச்சு, கம்பம் எல்லாம் வரிசையா படுத்துடுச்சு, கிராமங்கள்ல வாரக் கணக்குல கரண்ட் இல்ல, வெளி மாவட்டத்துலேர்ந்தெல்லாம் ஈ.பி. ஆளுங்க வந்து ராத்திரி பகலா வேலை பாத்தாங்க. அப்புறம் ஒவ்வொரு ஊரா லைன் வந்துச்சு, வந்த கையோட என் கடைக்கு மோட்டாரும் வந்துச்சு, மாட்டு வண்டில எல்லாம் ஏத்திட்டு வந்தாங்க, வைக்க எடமில்லாம ரோட்டோரமா அடுக்கி வச்சிருந்தேன். தெறந்து பாத்தா முக்காவாசி ஒரே மாதிரி எரிஞ்சிருந்துச்சு. வரிசையா ரெண்டு காயில் கட்டு கரி, ஒரு கட்டு புதுசு மாதிரி செம்பு நெறத்துல, மறுபடி ரெண்டு கரி ஒண்ணு புதுசு, வட்டம் முழுக்க அப்படியே. பாத்ததும் சொல்லிடலாம், ஸ்டார் கனெக்சன்ல ஓடுன மோட்டார், லைன்ல ஒரு பேஸ் போயிருக்கு, மீதி ரெண்டு பேஸ் மட்டும் மொத்த லோடையும் இழுத்து கருகியிருக்கு. அதுவே டெல்டால ஓடுனதா இருந்தா நேர் மாறா இருக்கும், ஒரு கட்டு கரியாகி ரெண்டு கட்டு தப்பிச்சிருக்கும். எரிஞ்ச மோட்டாரே லைன்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடும். அதுல ஒரு மோட்டாரோட ஸ்டேட்டரை இன்னும் கட்டாம அப்படியே கடையில தொங்க விட்டிருக்கேன், வர்ற ஒவ்வொரு ஸ்டூடன்ட் கிட்டயும் அதைக் காட்டி ஏன் ரெண்டு மட்டும் எரிஞ்சுதுன்னு கேப்பேன். சிங்கிள் பேஸிங்னு பேரு தெரியும் அவங்களுக்கு. கரியைத் தொட்டுப் பாத்தவங்களுக்கு அது மறக்காது.

2024 நவம்பர் கடைசில பெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரைய கடந்து மழை கொட்டு கொட்டுனு கொட்டி, பின்னாடியே தென்பெண்ணைல வெள்ளம் வந்துச்சே, அப்ப வந்ததெல்லாம் சேறு புடிச்ச மோட்டாருங்க. அந்த சமயம் என் மவளுக்கு லீவு விட்டிருந்தாங்க, கடைக்கு வந்து கூட நின்னுச்சு. தண்ணி போன மோட்டாரை கழுவி, காய வச்சு, மெக்கர், அதாவது இன்சுலேஷன் அளக்குற மீட்டர், போட்டு பாத்து, இன்சுலேஷன் ஏறுற வரைக்கும் சப்ளை குடுக்கக் கூடாது, அவசரப்பட்டு போட்டா இருக்குற காயிலும் போயிடும். மெக்கரை கையில வாங்குனதும் "இதான் மெக்கரா, இவ்ளோ கனமா இருக்கே"ன்னு கேட்டுச்சு. மெஷர்மென்ட்ஸ் பேப்பர்ல அந்தப் புள்ள எடுத்தது 80க்கு மேல.

இப்படி எழுதுறதால படிப்பு வேஸ்ட்டு, பட்டறைதான் பெருசுன்னு நான் சொல்றதா யாரும் நெனச்சுடாதீங்க, அது எனக்குத் துளி கூட சம்மதம் இல்ல. போன வருஷம் நடந்தது ஒண்ணு. இப்ப வர்ற பேன் நெறைய பி.எல்.டி.சி. பேன், அதாவது காந்த ரோட்டாரை எலெக்ட்ரானிக் போர்டு வச்சு சுத்த வைக்குற பேன், பழைய பேன் 75 வாட் எடுத்தா இது 30 வாட்டுக்கு சுத்துது, நல்ல விஷயம். ஆனா ரிப்பேருன்னு வந்தா நான் கையக் கட்டிட்டு நிக்கிறேன். பழைய பேன்னா கண்டன்சர் மாத்து, காயில் கட்டு, பேரிங் தட்டு, முடிஞ்சுது, ஒரு நாளைக்கு பத்து பேன் பாப்பேன். இதுல உள்ள ஒரு போர்டு இருக்கு, அது போச்சுன்னா மொத்த போர்டையும் மாத்தணும், அதுக்கு பாதி பேன் வெலை. அப்படி வந்த ஒரு பேனை பிரிச்சு வச்சுட்டு யோசிச்சுட்டு இருந்தப்ப மவ வந்து போர்டைத் திருப்பித் திருப்பி பாத்துச்சு. ரெண்டு ரெண்டா ஆறு உருப்படி வரிசையா நிக்குது, "அப்பா, இது ஆறும் மாஸ்ஃபெட்டு, இதான்பா த்ரீ பேஸ் இன்வெர்ட்டர், நான் இத எக்ஸாம்ல மூணு தடவை வரைஞ்சிருக்கேன்பா"ன்னு கத்துச்சு. மாஸ்ஃபெட்டுன்னா கரண்டை வேகமா விட்டு விட்டு நிறுத்துற சின்ன எலெக்ட்ரானிக் சுவிட்சு, ஆறும் சேந்துதான் மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டை உண்டாக்குது. மல்டிமீட்டர் எடுத்து டையோடு மோடுல வச்சு ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்து நாலாவது ஷார்ட்டுன்னு கண்டுபுடிச்சுது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லேர்ந்து அதே நம்பர் வரவழைச்சு, என் சால்டரிங் அயர்ன்லயே மாத்தி, பேன் ஓடிடுச்சு. 28 வருஷ அனுபவத்துக்குத் தெரியாதது மூணு வருஷ படிப்புக்குத் தெரிஞ்சுது, ஆனா அந்தப் படிப்புக்கு இந்த போர்டை யாராவது கையில குடுக்க வேண்டியிருந்துச்சு. நான் சொல்ல வர்றது அவ்வளவும் இதுக்குள்ள இருக்கு. அந்தப் புள்ள பைனல் இயர் ப்ராஜெக்ட்டே பி.எல்.டி.சி. போர்டு ரிப்பேர்லதான் பண்ணப் போவுதாம், என் கடைல வந்து விழுந்து கெடக்குற செத்த போர்டு ஒரு சாக்கு இருக்கு, அத்தனையும் பிரிச்சு எது அதிகமா போவுது, நம்ம ஊரு வோல்டேஜ் ஏத்த எறக்கத்துல போவுதா, உப்புக் காத்துல போவுதா, இடில போவுதான்னு கணக்கு எடுக்கணும்னு சொல்லுது. இதுக்கு செலவு பெருசா ஒண்ணும் இல்ல. எந்த சென்டர்லயும் இதை விக்க மாட்டாங்க.

நம்ம பக்கத்துல எலெக்ட்ரிக்கல் படிக்கிற புள்ளைங்களுக்கு இல்லாதது என்ன அய்யா? கடலூர்லேர்ந்து வடலூர் வழியா பஸ் ஏறுனா நெய்வேலி. 1956ல ஆரம்பிச்ச என்.எல்.சி. கம்பெனி, ரஷ்யாக்காரங்க ஒதவியோட கட்டுன மொதல் அனல் மின் நிலையம் 1962லயே கரண்ட் குடுக்க ஆரம்பிச்சுது, அந்த பழைய ஸ்டேஷனை இப்ப மூடியாச்சு, ரெண்டாவது ஸ்டேஷன் 1470 மெகாவாட், அப்புறம் புதுசா வந்தது 1000 மெகாவாட். நான் அப்ரண்டிஸ் இருந்தப்ப மொத மொதல்ல டர்பைன் ஹால்ல கொண்டு போயி விட்டாங்க, தரை அதிருறது செருப்பு வழியா ஏறும், 3000 ஆர்.பி.எம்.னு சொன்னாரு கூட வந்த போர்மேன், ஏன் சார் கரெக்டா 3000ன்னு கேட்டதுக்கு அங்கயே சாக்பீஸால தரைல எழுதிக் காட்டுனாரு, ரெண்டு போலு, 120ஐ 50ஆல பெருக்கு, ரெண்டால வகு. கடையில நான் பசங்களக் கேக்குற அதே கணக்குதான், அன்னைக்கு அவரு எழுதுனதைத்தான் நான் இன்னைக்கு வரைக்கும் எல்லாருக்கும் எழுதிக் காட்டுறேன். வீட்டு பழைய சீலிங் பேனும் அதே கணக்குதான், 14 போல்னா போட்டுப் பாருங்க 428 வரும், ஸ்லிப்பு போவ மீதி ஸ்பீடுல தலைக்கு மேல சுத்துது. இன்னொண்ணு என் மவ சொல்லித்தான் எனக்குத் தெரியும், 2013 டிசம்பர் 31ல நம்ம தெற்கு கிரிட்டை, அதாவது எல்லா கரண்ட் ஸ்டேஷனையும் லைனையும் சேத்த வலையை, வடக்கோட ராய்ச்சூர் சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியா சேத்துட்டாங்களாம், அதுலேர்ந்து நெய்வேலி மெஷினும் பஞ்சாப்ல இருக்குற மெஷினும் ஒரே தாளத்துல சுத்துது, அங்க ஒரு பெரிய ஸ்டேஷன் திடீர்னு நின்னா நம்ம ஓ.டி.ல இருக்குற மோட்டார் கூட ஒரு நூல் அளவு கொறைஞ்சு சுத்தும். இத கேட்ட அன்னைக்கு கடைல ஓடுற மோட்டார் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தேன்.

சிதம்பரத்துல அண்ணாமலை பல்கலைக்கழகம் இருக்கு, 1929ல வந்தது, அங்க இன்ஜினியரிங் 1945லயே ஆரம்பிச்சாச்சு, நாடு சுதந்திரம் வாங்குறதுக்கு முன்னாடி. பாண்டிச்சேரில பிள்ளைச்சாவடில 1984ல வந்த இன்ஜினியரிங் காலேஜ் இப்ப டெக்னாலஜிக்கல் யுனிவர்சிட்டியாவே ஆயிடுச்சு. பண்ருட்டில அண்ணா யுனிவர்சிட்டியோட காலேஜ் இருக்கு. காரைக்கால்ல என்.ஐ.டி. இவ்வளவு படிப்பும், அத்தன சப்ஸ்டேஷனும், சிப்காட் கம்பெனிகளும், என்ன மாதிரி காயில் கட்டுறவங்களும் ஒரே சுத்துவட்டாரத்துல இருக்கோம், ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறது இல்ல. இண்டஸ்ட்ரியல் விசிட்டுன்னு வருஷத்துக்கு ஒரு நாள் பஸ் புடிச்சு கூட்டிட்டுப் போறாங்க, அதுல பாதி நாள் ஊட்டி கொடைக்கானல்னு போயிடுது. செகண்ட் இயர்லயே ஒவ்வொரு புள்ளையும் லீவுல ஒரு பத்து நாள் ஏதாவது ஒரு வைண்டிங் கடைலயோ சப்ஸ்டேஷன்லயோ நிக்கணும்னு காலேஜ் வைக்கலாம், காசு கேக்க மாட்டோம், எங்களுக்கும் கை கெடைக்கும். லேப்ல ரிப்பேர் ஆன மோட்டாரை ஏலத்துக்கு அனுப்பாம செகண்ட் இயர் பசங்ககிட்ட பிரிக்க விடலாம். வைவா எடுக்க வர்ற வெளி எக்ஸாமினருங்க ரிப்போர்ட்டைப் பொரட்டாம, இந்த ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள என்ன இருக்குன்னு காட்டு தம்பின்னு ஒரு கேள்வி கேட்டாப் போதும், ஒரே வருஷத்துல ப்ராஜெக்ட் விக்கிற கடை பாதி காணாமப் போயிடும். ஊருக்குள்ளயே எத்தன ப்ராஜெக்ட் கெடக்கு, கவர்மென்ட் ஸ்கூல்ல ஓடாத மோட்டாரு, ஊராட்சி டேங்க்ல அடிக்கடி எரியுற சப்மெர்சிபிள், கடல் ஓர ஊருங்கள்ல உப்புல அரிக்கிற எர்த் பைப்பு, ஒவ்வொண்ணும் ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

இப்ப பெத்தவங்க கேக்குற கேள்விக்கு வர்றேன். கட் ஆப் கொறைஞ்சுது, கம்ப்யூட்டர் கெடைக்கல, அதனால மிச்சம் இருந்த ட்ரிபிள் ஈ எடுத்தோம்னு சேத்து விட்டா அந்தப் புள்ளைக்கு மொத நாளே மனசு விட்டுடும், அப்படி சேக்காதீங்க. பையனோ பொண்ணோ சின்ன வயசுல ரேடியோவப் பிரிச்சிருக்கா, ப்யூஸ் போனா தானா எட்டிப் பாக்குதா, ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல கரண்ட் பாடம் புடிச்சிருந்துச்சான்னு கேளுங்க, ஆமான்னா தைரியமா சேருங்க. வேலை இல்லைங்குறது உண்மை இல்ல, கேட்ங்குற தேசிய அளவுத் தேர்வை எழுதி நல்ல ஸ்கோர் வாங்குனா பொதுத்துறை கம்பெனிங்க அத வச்சே எடுக்குறாங்க, சோலாருக்கு 2024லேர்ந்து சென்ட்ரல் கவர்மென்ட் 3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் மானியம் குடுக்குறதால நம்ம மஞ்சக்குப்பம் திருப்பாப்புலியூர்லயே மாடிக்கு மாடி பேனல் ஏறுது, அதை ஒழுங்கா டிசைன் பண்ணி நெட் மீட்டர் (எடுத்த கரண்டையும் திருப்பிக் குடுத்த கரண்டையும் கணக்கு பாக்குற மீட்டர்) வரைக்கும் பாத்துக் குடுக்க ஆள் தேடுறாங்க, எலெக்ட்ரிக் வண்டி வேற தெருவுக்குத் தெரு வந்துடுச்சு. மொத ரெண்டு வருஷம் சம்பளம் சாப்ட்வேர் அளவுக்கு இருக்காது, அதையும் ஒளிக்காம சொல்லிடணும், பொறுமை இருக்குற வீடா இருக்கணும். கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு 2021லேர்ந்து 7.5 சதவீத ஒதுக்கீடு இன்ஜினியரிங்லயும் இருக்கு, பீஸை அரசாங்கமே கட்டுது, இது தெரியாம இன்னும் நம்ம பக்கத்து கிராமங்கள்ல புள்ளைய நிறுத்துற குடும்பம் இருக்கு, உங்க பேப்பர்ல இத பெரிய எழுத்துல போடணும்னு கேட்டுக்குறேன்.

பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கரண்ட் வேலைன்னு என் வீட்டுலயே சொந்தக்காரங்க கேட்டாங்க. என் மவ மெக்கர் புடிச்ச விதத்தையும் அந்த நாலாவது மாஸ்ஃபெட்டைக் கண்டுபுடிச்ச விதத்தையும் பாத்தவன் நான், கரண்டுக்கு ஆம்பள பொம்பள தெரியாது, பயபக்தி இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும். டெஸ்டர் எரியலைன்னு நம்பி கை வைக்கிற ஆம்பளயை விட, மெயினை எறக்கி, ப்யூஸைப் புடுங்கி பாக்கெட்ல போட்டுகிட்டு, அப்புறமும் லேம்ப் போட்டுப் பாத்துட்டு தொடுற பொண்ணுகிட்ட நான் என் கடைய நம்பி விடுவேன்.

தம்பிங்களா, தங்கச்சிங்களா, இந்த வருஷம் பைனல் இயர் போறவங்க இத படிச்சா, தை மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க, அப்ப வந்தா நேரம் இருக்காது. ஆடி மாசத்துலேர்ந்து ஞாயித்துக்கெழமை மதியம் வரைக்கும் கடைய தெறந்து வைக்கப் போறேன், வேற யாருக்கும் இல்ல, படிக்கிற புள்ளைங்களுக்காக மட்டும். 1 எச்.பி. மோட்டார் ரெண்டு, 5 எச்.பி. ஒண்ணு, அப்புறம் அந்த பேன் போர்டு சாக்கு எல்லாம் ஓரமா எடுத்து வச்சாச்சு. ரப்பர் செருப்பு போட்டுகிட்டு வாங்க, நோட்டு ஒண்ணு எடுத்துட்டு வாங்க, அந்த அறுபது எங்க போச்சுங்குறதுக்கு பதில் யோசிச்சுட்டு வாங்க.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர்,
கடலூர் முதுநகர்.